நிழல்கவ்விக்கு எத்தனை உயிர்?

— குறைக்க மாட்டேன்னா மாட்டேன். அதோட உயிர் தொண்ணூறுதான், தொண்ணூறு அடி விழுந்தாத்தான் சாகணும்...

— அக்கா, முழுசாச் சொல்ல விடு...

— என்னத்தைச் சொல்லப் போறே? ஆட்டத்துக்குப் பூதம் செய்யிறவ நான், அதை ஆட்டப் புத்தகமா அச்சடிக்கிறவன் நீ. உன் வேலையைப் பாரு.

— என் வேலையைத்தான் பாக்கறேன் தாயே! நாளைக்கு அச்சுக்குப் போகணும். நேத்து ஆபீஸ்ல நாலு பேர் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கிட்டு, பகடை உருட்டி, உன் நிழல்கவ்வியோட மோதிப் பாத்தாங்க. முதல் அறையிலேயே நாலு பேரும் காலி. வெச்ச டீகூட ஆறல.

— உங்க பசங்களுக்கு ஆடத் தெரியல.

— நல்லாவே தெரியும். உன் பூதம் கூட்டமா நிக்கிறவங்களைத் தொடாது. யாரு தனியா மாட்டறாங்களோ அவங்க நிழலைக் கவ்விக் கொல்லும். சரிதானே?

— சரிதான். நாலு பேரும் ஒட்டி நின்னா அதால ஒண்ணும் பண்ண முடியாது, அடிச்சே கொன்னுடலாம். முதல்ல நாப்பது உயிர்தான் வெச்சேன், என் ஆளுங்க ஊதித் தள்ளிட்டாங்க. அறுபதாக்கினேன், அசரல. அதான் தொண்ணூறு.

— அங்கதான்க்கா இடிக்குது. எங்க மேஜையில அது உறுமினதுமே ஒருத்தன் கதவைப் பாத்து ஓடிட்டான். அவன் பின்னாலேயே ஒருத்தி. மிச்ச ரெண்டு பேரும், நீ முன்னாடி போ, நீ முன்னாடி போன்னு ஒருத்தரை ஒருத்தர் தள்ளிவிட்டாங்க.

— அட அற்பங்களா!

— அற்பம் இல்லக்கா, மனுஷங்க. பயம் வந்தா எவனாவது ஓடத்தான் செய்வான். உன் மேஜையில ஒருத்தர்கூடவா ஓடல?

— என் ஆளுங்க அப்படி விட்டுட்டுப் போறவங்க இல்ல.

— சரி, அதுல ஒருத்தருக்குப் போன் போட்டுக் குடு. நானே கேட்டுக்கறேன்.

— இந்நேரத்துக்கு வேலையில இருப்பாங்கடா.

— இன்னிக்கு ஞாயித்துக்கிழமை.

— டீ போடட்டுமா?

— பேச்சை மாத்தாதே. இந்த நாற்காலியில துணி மடிச்சு அடுக்கி வெச்சிருக்கே. அந்த நாற்காலியில பழைய பேப்பர் கட்டு. அந்தா, மூலையில இருக்கறது சுவரைப் பாத்துக்கிட்டு இருக்கு. இங்க யாருக்கா வந்து உக்காந்து ஆடினாங்க?

— நீ என்ன போலீஸா?

— அக்கா...

— நான்தான்டா. நாலு பேருக்கும் நானேதான் உருட்டினேன். ஆளுக்கொரு குரல் வெச்சுச் சத்தமாப் பேசுவேன், இல்லேன்னா ஆட்டம் ரசிக்காது. கீழ்வீட்டுக்காரி ஒரு நாள் படியில நிறுத்தி, "உங்க வீட்டுல எப்பவும் ஜேஜேன்னு ஆளுங்க, குடுத்து வெச்சவங்க நீங்க"ன்னா. ஆமான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

— எங்கிட்ட எதுக்குப் பொய் சொன்னே? நாலு பேர் ஆடிப் பாத்தாச்சுன்னு எழுதினியே.

— தனியா ஆடினது செல்லாதுன்னுதானே உங்க சட்டம்? என் பூதத்தைத் தள்ளிட்டீங்கன்னா அப்புறம் எனக்கு யாரு கடுதாசி எழுதுவா? "இதுக்குப் பல்லு எத்தனை, வால் உண்டா"ன்னு கேட்டு எழுதறது உங்க ஆபீஸ் ஒண்ணுதான்.

— இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. உயிரை முப்பதாக்கிடு. புத்தகத்துல இருக்கும், நான் பொறுப்பு.

— ஆக்க மாட்டேன். அப்படிச் செஞ்சா, என் ஆளுங்களும் ஓடுவாங்கன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி.

— பெரிய ஆளுங்க! எல்லாம் நீ மனசுல கட்டின ஆளுங்கதானே?

— எனக்கென்னடா கட்டத் தெரியும்? எல்லாம் இந்த மேஜையில உக்காந்தவங்கதான். வாளைத் தூக்கிக்கிட்டு முன்னாடி போறவர் என் வீட்டுக்காரர், உங்க மாமா. செத்த மனுஷனுக்குப் பயம் ஏது? மந்திரம் சொல்றது மாடிவீட்டு டீச்சர். அவ மக வீட்டோட போயே வருஷமாச்சு. அம்பு விடறது நம்ம தையல்காரர். இப்போ அவருக்குக் கண்ணு சுத்தமாத் தெரியல. என் ஆட்டத்துல மட்டும் குறி தப்ப மாட்டார்.

— மூணு பேராச்சு. விளக்கைப் பிடிச்சுக்கிட்டு எல்லாருக்கும் பின்னாடி ஒருத்தன் வருவானே, உன் குறிப்புல படிச்சேன். மத்தவங்க வெளியேறுற வரைக்கும் நகரவே மாட்டான். அவன் யாரு?

— விடுடா.

— சொல்லுக்கா. அப்படி ஒருத்தன் இந்த மேஜையில உக்காந்ததா எனக்கு ஞாபகமே இல்லையே.

— நீதான்டா. அம்மா படுக்கையில விழுந்தப்போ பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனியே, அன்னியிலேர்ந்து இந்த மேஜையில நீ ஒரு தடவைகூட என்னை விட்டுட்டு ஓடினதில்ல.