வுப்போவின் படகில் ஐந்து வோல்ட்

உங்கள் போலீஸ் நிலையத்துக் காபி எங்கள் பட்டறைக் காபியைவிட எவ்வளவோ தேவலை, அம்மா. எங்களுடையதைக் கால்வாயில் ஊற்றினால் மீன்கள் குடும்பத்தோடு ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்துவிடும். பிஸ்கட்டும் ஆளுக்கு ஒன்றுதான். எடுத்த கை வெளியே வருவதற்குள் டப்பாவை மூடிவிடுவார்கள். குரோனிங்கனில் எல்லாரும் அப்படித்தான், அதைக் குறையாகச் சொல்லவில்லை.

கேட்டதற்கு வருகிறேன். சனிக்கிழமைதோறும் பழைய தீயணைப்பு நிலையத்தில் கூடுவோம். செடிக்குத் தண்ணீர் விடும் கருவி, கோழி முட்டையிட்டால் மணியடிக்கும் கருவி என்று ஆளுக்கு ஒன்றைச் செய்துகொண்டிருப்போம். எல்லாவற்றுக்கும் மூளையாகக் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அதன் தலையில் ஒரு துணைப் போர்டு. நான் சீஸ் ஆலையில் மின்சாரம் பார்த்து ஓய்வுபெற்றவன். பட்டறையில் எனக்கு நானே கொடுத்துக்கொண்ட வேலை ஒன்றுதான்: அந்த இரண்டு போர்டுகளுக்கும் வோல்ட் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது.

கீழ்ப் போர்டு மூன்றே சொச்சம் வோல்ட்தான் தாங்கும். மேல் போர்டு ஐந்தை அனுப்பும். ஆனால் பின்களும் துளைகளும் அச்சாகப் பொருந்தும், அதுதான் வினை. பொருந்துகிறதே என்று அழுத்திவிடுவார்கள். போர்டில் பச்சை விளக்கு எரிந்தால் போதும், பிள்ளை பிறந்த மாதிரி குதிப்பார்கள். இந்த ஊரில் இப்படிக் கருகிய போர்டுகளை அடுக்கினால் மார்ட்டினி கோபுரமே அண்ணாந்து பார்க்க வேண்டும். நான் மெதுவாகச் சொன்னேன், உரக்கச் சொன்னேன், படம் போட்டுச் சொன்னேன். காபி இயந்திரத்துக்குக்கூட மனப்பாடமாகிவிட்டது. மனிதர்களுக்கு மட்டும் ஏறவில்லை.

வுப்போ எல்லாரையும்விட மோசம். ஒரு தடவை நான் மீட்டரை எடுத்ததுமே தடுத்துவிட்டான்.

"பச்சை லைட்டு எரியுது பாரு, பெருசு. அதுக்கே வோல்ட்டு புரிஞ்சிருச்சு. உனக்குத்தான் இன்னும் புரியல."

பட்டறையே சிரித்தது. எங்கள் பட்டறையின் பொறுப்பாளர் சீட்ஸ்கே, பாவம், காபி மூக்கில் ஏறும்வரை சிரித்தாள். அதற்குப் பிறகு யாரும் எனக்குக் காலை வணக்கம் சொன்னதில்லை. நான் கதவைத் திறந்தால், "எத்தன வோல்ட்டு?" என்று கோரஸாகக் கேட்பார்கள். வருடக்கணக்கில்.

பிறகு கூட்டம் போட்டார்கள். நாங்கள் எதையும் கூட்டம் போட்டுத்தான் முடிவு செய்வோம். குப்பைத்தொட்டியை எங்கே வைப்பது என்று பேசி முடிப்பதற்குள் நாட்டில் இரண்டு மந்திரிசபை அமைந்து கவிழ்ந்துவிடும். அன்றைய முடிவு: கேட்காமல் யாரும் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது. யார் பெயரையும் சொல்லவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆதரித்து நானும் கை தூக்கினேன். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன், அம்மா.

இலையுதிர் காலத்தில் வுப்போ நச்சுவாயு அலாரம் செய்ய ஆரம்பித்தான். அவன் கால்வாயில் ஒரு பழைய படகில் வசித்தான் என்பது உங்களுக்குத் தெரியும். விறகடுப்பு, ஒரு சோபா, ஒரு நாய். குளிர் வந்தால் காற்றுத் துளைகளில் பழைய காலுறைகளைத் திணித்துவிடுவான். படகுக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். அடுப்பு கக்கும் அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. கடையில் நல்ல அலாரம் விற்கிறது. ஆனால் செய்ய முடிந்ததைக் கடையில் வாங்குவது எங்கள் கூட்டத்தில் மானக்கேடு.

அவன் காபி எடுக்கப் போன நேரத்தில் அதன் துணைப் போர்டில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். சிகரெட் லைட்டரின் வாயுவை, அதில் வாயுவை மோப்பம் பிடிக்கும் உணரியின் முகத்தில் லேசாகக் காட்டினேன். மீட்டரில் ஐந்து. சுத்தமான காற்றில், கீழ்ப் போர்டுக்குப் போகும் கம்பி பூஜ்யத்தில் கிடக்கும், ஒரு தொல்லையும் இருக்காது. வாயு வரும் அன்றைக்குத்தான் அது ஐந்து வோல்ட்டைக் கீழே தள்ளும். கீழ்ப் போர்டு அப்படியே உறைந்துபோகும். பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். சைரன் கூவாது.

சோதனைக்கென்று வுப்போ ஒரு பொத்தான் வைத்திருந்தான். அது சைரனை மட்டும்தான் அடிக்கும், உணரிவரை போகாது. எல்லார் முன்னாலும் அழுத்திக் காட்டினான். காது கிழிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். ஐந்தை மூன்றாகக் குறைக்க இரண்டு ரெசிஸ்டர்கள் போட்டிருந்தால் போதும், என் சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும். ஆனால் விதி விதிதான். என்னை யாரும் கேட்கவில்லை.

கால்வாய் உறைந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோபாவில் படுத்துப் பனிச்சறுக்குப் போட்டி பார்த்தபடியே போய்விட்டான். நாயும் போய்விட்டது. நாயை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தம்தான். அது ஒரு நாளும் என்னைப் பார்த்துக் குரைத்ததில்லை.

நிஜமாகவே யாரும் கேட்கவில்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சீட்ஸ்கே கதவருகே நின்றிருந்தாளா? அப்படியென்றால் சரி, சொல்லிவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை. மற்றவர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வுப்போ இரண்டு போர்டுகளையும் கையில் ஏந்திக்கொண்டு என் மேசைக்கு வந்தான். முகத்தில் கேலி இல்லை.

"ஃபொக்கோ, அடுத்த வாரம் என் பொண்ணு கைக்குழந்தையோட படகுல வந்து தங்கப் போறா. இவங்க கைதட்டினத நான் நம்பல. நீ சொன்னா நம்புவேன். மாட்டிரலாமா?"

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். இரண்டு போர்டுகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவசரப்படவே இல்லை.

"மாட்டு. வோல்ட்டெல்லாம் சரியா இருக்கு" என்றேன்.

அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். மகளும் குழந்தையும் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது, அதில் எனக்கு நிம்மதிதான். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அன்று சாயங்காலமே படகில் மாட்டிவிட்டானாம், நான் சொன்னபடியே. அவனுக்கு எதுவும் காதில் ஏறாது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன், அம்மா. பக்குவமாகச் சொன்னால் கேட்கிறவன்தான்.