கரடி இல்லாத கரை

— எந்தப் பக்கம் நடந்துச்சுன்னு கேட்டேன். பதில் சொல்லுடா.

— சொன்னேன்லக்கா. வேதக்கோயிலுக்குப் பின்னால, மேட்டுப் பக்கமா.

— ஒண்ணா, ரெண்டா?

— ஒண்ணுதான். பெருசு. ஆண் பனிக்கரடி மாதிரி இருந்துச்சு.

— போவாஸ்.

— என்ன?

— இந்தா, இந்த பைனாகுலரைப் பிடி. கரையைப் பாரு. கோயிலுக்கு நேர் கீழ ஒரு பாறை இருக்கே, அது மேல என்ன உட்கார்ந்திருக்கு?

— வாத்து.

— எத்தனை?

— இருக்கும், முப்பது நாப்பது.

— என்ன செய்யுது?

— அக்கா, விடுக்கா.

— இறகு கோதிக்கிட்டு இருக்கு! மேட்டுல கரடி உலாத்துது, கீழ முப்பது வாத்து உட்கார்ந்து அலங்காரம் பண்ணிக்குது. கேக்கிறவ கேணச்சியா இருந்தா, கரடிக்கு றெக்கை முளைச்சுதுன்னுகூட சொல்லுவே நீ. யார்கிட்டடா கயிறு திரிக்கிறே? வேட்டைக்காரன் மகன்கிறது நீ மட்டும்தானா? நான் யார் மக?

— மெதுவா பேசு. ஆளுங்க இருக்காங்க.

— இருக்கட்டுமே! நம்ம பேச்சு இங்க யாருக்குப் புரியும்? அங்க பாரு, நூத்தி நாப்பது பேரும் மஞ்சக் கோட்டை மாட்டிக்கிட்டு ஒரே பக்கமா வந்து நிக்கிறாங்க. கப்பலே சாயுது. கரையில இறங்க முடியலையேன்னு ஒருத்தருக்காவது வருத்தம் இருக்கா? கரடி கரடின்னு குதிக்கிறாங்க. ஒருத்தி என் தோளைத் தட்டி, 'நமக்கு எவ்வளவு அதிர்ஷ்டம் பாருங்க'ன்னு சொல்லிட்டுப் போறா. வயிறு எரியுது எனக்கு.

— இறங்க வேண்டாம்னு சொன்னது கேமரன். பயணத் தலைவர் அவன்தானே. நான் என்ன பண்றது?

— அவன் எதை வெச்சுச் சொன்னான்? துப்பாக்கி யார் தோள்ல தொங்குது? முதல் ரப்பர் படகுல நீ போய்க் கரையைச் சுத்திப் பார்த்துட்டு, 'கரடி இல்ல, வரலாம்'னு சொன்னாத்தான் இந்தக் கப்பல்ல ஒருத்தர் கால் தரையில படும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் உனக்குச் சம்பளம். அதைக் கொண்டு வந்து என் தலையிலயா போடுவே?

— உன்னை வெச்சு நான் எதுவும் செய்யல.

— நாலு நாளா நான் என்ன பட்டேன் தெரியுமா? சாப்பாட்டு ஹால்ல நிக்க வெச்சு, நாம வேட்டையாடற சீல் தோல்ல காலணி தைச்சுக் காட்டுங்கன்னாங்க. தைச்சேன். 'அந்தக் காலத்துல தோலைப் பல்லால மென்னு பதமாக்குவீங்களாமே, மென்னு காட்டுங்க'ன்னாங்க. மென்னேன். இருக்கிறதே ஒன்பது பல்லு! ஒருத்தன் கேக்கைத் தின்னுக்கிட்டே கேக்கிறான், 'உங்களை ஊரைவிட்டுக் கிளப்பினப்போ எப்படி இருந்துச்சு'ன்னு. எப்படி இருந்திருக்கும்? கோயில்ல பாட்டு முடிஞ்சதும் அதிகாரிங்க எழுந்து, 'ஊர்க் கடையை மூடறோம், கோடையில கப்பல் வரும், மூட்டை கட்டுங்க'ன்னாங்க. அப்பா பாட்டுப் புஸ்தகத்தை மூடக்கூட இல்ல. அதையும் சிரிச்சுக்கிட்டே சொன்னேன். எதுக்கு? இந்த ஒரு நாளுக்கு. நம்ம ஊர் இவிட்டாக் கரையில அரை மணி நேரம், அண்ணன் கல்லறைகிட்ட பத்து நிமிஷம்.

— தெரியும்க்கா.

— தெரிஞ்சேதானா? எனக்கு எழுபத்திரண்டு வயசுடா. நம்ம விசைப்படகுல வரணும்னா மூணு நாள். என் முதுகு அதைத் தாங்குமா? இந்தப் பணக்காரக் கப்பலைவிட்டா எனக்கு வேற வழி ஏது?

— போவாஸ், மன்னிக்கணும், பேச்சுக்கு நடுவுல வந்துட்டேன். கேப்டன் கேக்கிறார். கரடி இன்னும் கண்ணுக்குத் தெரியுதாங்க?

— இல்ல கேமரன். மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிடுச்சு.

— அப்போ ஒரு மணி நேரம் பொறுத்து மறுபடியும் கரையைப் பார்த்துட்டு வரலாமா?

— வேண்டாம். இளைச்ச கரடி. பசியில இருக்கு. திரும்பி வரும்.

— சரி, உங்க பேச்சுக்கு மறுபேச்சு இல்ல. கொஞ்ச நேரத்துல நங்கூரம் எடுத்துடலாம். சலோமி அம்மா, ரொம்ப வருத்தமா இருக்குங்க. ஆனா உங்க ஊரைக் கண்ணால பார்த்துட்டீங்க. அதுவரைக்கும் சந்தோஷம், இல்லையா?

— ஆமா தம்பி. சந்தோஷம் தாங்க முடியல.

— சாயங்காலம் உங்க பேச்சுக்காக எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. அட, போவாஸ், நாங்க கொடுத்த கோட்டு எங்க? இந்தக் காத்துல வெறும் ஸ்வெட்டரோட நிக்கிறீங்களே.

— படகுல கிடக்கு. எடுத்துக்கிறேன்.

— எடுத்துப் போடுங்க. நான் வரேன்.

— போயிட்டான். 'அதுவரைக்கும் சந்தோஷமாம்.' மூஞ்சியப் பாரு! டேய், கோட்டு படகுல இல்ல.

— இருக்கு.

— படகை மேல தூக்கினப்போ நான் இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இங்கயேதான் நின்னேன். கோட்டோட போனே, கோட்டு இல்லாம வந்தே. உன் முழங்கால்ல மண்ணு. ஏறும்போது நகக்கண்ணெல்லாம் மண்ணு, அப்புறம்தான் கையுறையை மாட்டினே. கரடியைப் பார்த்தவன் மண்டி போட்டுத் தோண்டிக்கிட்டா இருப்பான்? அண்ணன் கல்லறையை என்னடா பண்ணே?

— பைத்தியமா உனக்கு? நான் என்ன பண்ணப் போறேன்?

— உனக்கு அவனைக் கண்டா ஆகாது. சின்ன வயசுலேர்ந்தே ஆகாது.

— கண்டா ஆகாதா? நான் எங்க கண்டேன்? நான் பொறக்கிறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி செத்தவன் அவன். நான் பொறந்ததே அந்தப் புது ஊர்ல.

— அவன் பேருதானே உனக்கு.

— பேரை மட்டுமா வெச்சீங்க? ஆளையே தூக்கி என் தலையில வெச்சீங்க! பேரு வெச்சதும் செத்தவனே வந்துட்டான்னு எல்லாரும் நம்பினீங்க. எட்டு வயசுக்காரி நீ, தொட்டில்ல கிடந்த என்னை 'அண்ணா'ன்னு கூப்பிட்டே. அப்பா என்னை மடியில வெச்சுக்கிட்டு, 'குளிர்ல ரொம்ப வலிச்சுதாடா'ன்னு அழுவாரு. எனக்கு நாலு வயசு! எந்தக் குளிரு, என்ன வலி, எனக்கு என்ன தெரியும்?

— அது நம்ம வழக்கம்டா. யார் வீட்டுல இல்ல?

— வழக்கம்! அந்த வழக்கத்துல நான் ஒரு மிட்டாயை முழுசா தின்னதில்ல. 'நீ தங்கச்சிக்குக் கையுறையைக் கழட்டிக் கொடுத்தவனாச்சே, கொடுத்துடு.' புது பூட்ஸ் வந்தா, 'கையுறை கொடுத்தவனாச்சே.' வேட்டையில முதல் சீலை அடிச்சா எல்லாரும்தான் ஊருக்குப் பங்கு போடுவாங்க. எனக்கு ரெண்டாவதும் பங்கு, மூணாவதும் பங்கு, பத்தாவதும் பங்கு! பதினோரு வயசுல உன் மேல பனிக்கட்டியை விட்டெறிஞ்சேனே, ஞாபகம் இருக்கா? 'நான் உன் தம்பி. இன்னொரு தடவை அண்ணான்னு கூப்பிட்டே, கொன்னுடுவேன்'னு கத்தினேன்.

— அதுக்கப்புறம் கூப்பிடல. இந்தா, நெத்தியில தழும்பு இன்னும் இருக்கு.

— கூப்பிடல. அதுக்கு நன்றி.

— பழசைக் கிளறி என் வாயை அடைக்கலாம்னு பார்க்காதே. கோட்டு எங்க?

— கரையில.

— கரையில எங்க?

— அக்கா, கேக்காதே.

— எங்கடா!

— கல்லறைத் தோட்டம் போயிடுச்சுக்கா.

— போயிடுச்சுன்னா?

— கடல் பக்கத்து மேடு அப்படியே சரிஞ்சு கிடக்கு. உள்ள கல்லா உறைஞ்சிருந்த மண்ணு இளகிடுச்சு. மூணு வரிசை இல்ல. அண்ணன் இருந்த வரிசையும் இல்ல. எலும்பெல்லாம் வெளிய வந்து மணல்லயும் பாசியிலயும் கிடக்கு, சின்னதும் பெருசுமா. பேரு எழுதின பலகை ஒண்ணுகூட நிக்கல. எது யாரோடதுன்னு எப்படிச் சொல்றது? கையால தோண்டிப் பொறுக்கி ஒரே இடத்துல வெச்சேன். மூட ஒண்ணும் இல்ல. கோட்டைக் கழட்டிப் போர்த்தி, சுத்திக் கல்லு வெச்சேன். எழுந்து திரும்பினா, கப்பல்ல நூத்தி நாப்பது பேர் கேமராவைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. போன வருஷம் வேற ஒரு கப்பல்ல வந்தவன், இடிஞ்ச வீட்டுலேர்ந்து ஒரு பொம்மைத் தலையைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போனான். இவங்க எதை எடுத்துக்கிட்டுப் போவாங்க? ரேடியோவை வாய்கிட்ட கொண்டு போனேன், கரடின்னுதான் வந்துச்சு.

— என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னா? அடுத்த படகுல குதிச்சிருப்பே.

— குதிச்சிருப்பேன்தான்! எலும்பா கிடந்தாலும் அவன் அவன்தானே! அறுபத்தாறு வருஷமா அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு அடக்கி வெச்சிருக்கேன். பாவி, நீயும் கடலும் சேர்ந்து அதையும் கெடுத்தீங்களே!

— என்ன வார்த்தை?

— உனக்கெதுக்கு?

— என்கிட்ட சொல்லேன். எல்லாரும் என்னைத்தானே அவன்னு சொன்னீங்க? மிட்டாயைப் பிடுங்கும்போது நான் அவன். மன்னிப்புக் கேக்கும்போது மட்டும் மண்ணுகிட்ட போவியா?

— மன்னிப்புன்னு யார் சொன்னது?

— உன் மூஞ்சி சொல்லுது.

— கையுறை.

— மறுபடியும் கையுறையா! அந்தக் கதையை நான் ஆயிரம் தடவை கேட்டாச்சு.

— அவன் கொடுக்கல.

— என்ன?

— அவன் கொடுக்கலடா. நான்தான் எடுத்தேன்.

— என்னக்கா உளர்றே?

— சீல் வேட்டைக்கு அப்பாகூட போய்த் திரும்பும்போது சூறைக்காத்து பிடிச்சுக்கிச்சு. பனிவண்டியைக் கவிழ்த்து அதுக்கு மறைவுல படுத்தோம். என் கையுறையை வண்டி இழுக்கிற நாய் தின்னுடுச்சு. நான்தான் விளையாட்டா அதுகிட்ட நீட்டினேன். அப்பாகிட்ட சொல்லப் பயம். விரலெல்லாம் எரியுது. அண்ணன் பக்கத்துல தூங்கிக்கிட்டு இருந்தான். மெல்ல ஒண்ணை உருவினேன். அசையல. இன்னொண்ணையும் உருவினேன். விடிஞ்சப்போ அவன் கை ரெண்டும் வெளுத்து மரக்கட்டையா இருந்துச்சு. 'கையுறை எங்கடா'ன்னு அப்பா கத்தினாரு. நான் என் கையைக் காட்டி, 'அண்ணன் கொடுத்தான்'னு சொன்னேன். அவன் என்னையே பார்த்தான். ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கு வந்ததும் விரல் கறுத்துச்சு, காய்ச்சல் வந்துச்சு. பதினோரு நாள்ல போயிட்டான். 'தங்கைக்காகத் தன்னைக் கொடுத்த பிள்ளை'ன்னு பாதிரியார் குழிகிட்ட நின்னு பிரசங்கம் பண்ணினாரு. அவன் கையுறையைப் போட்டுக்கிட்டு நானும் அங்க நின்னேன்.

— அப்போ அந்த மிட்டாய், பூட்ஸ், பத்து சீலு...

— எல்லாம் என் பொய்தான்.

— பாவி! கொடுக்கும்போதெல்லாம் உள்ளுக்குள்ள எரியும்க்கா எனக்கு. 'அவன் உயிரையே கொடுத்தான், நீ ஒரு பூட்ஸுக்கு அழறே, நீயெல்லாம் அவன் பேருக்கு லாயக்கா'ன்னு என்னை நானே திட்டிக்கிட்டுத்தான் வளர்ந்தேன். கடைசியில அப்படி ஒருத்தன் இல்லவே இல்லையா? அம்மா சாகிற வரைக்கும் அந்தக் கையுறையைச் சொல்லிச் சொல்லித்தானே செத்தா!

— அடிக்கணும்னா அடிச்சுக்கோ.

— ஒரு கரடிப் பொய்க்கு என்னைக் கால் மணி நேரமா வறுத்தெடுத்தியே!

— எடுத்தேன். என் பொய்யை இறக்கி வைக்க எனக்குன்னு ஒரு பிடி மண்ணு இருந்துச்சு. இப்போ அதுவும் இல்ல. வேற யார் மேலடா கோவப்படுவேன்?

— அழாதே.

— அழல. காத்து.

— நங்கூரச் சங்கிலி ஏறுது. கிளம்பப் போறோம்.

— கிளம்பட்டும். கேட்டிருந்தா கொடுத்திருப்பான்டா அவன். நான் கேக்கல. தூங்கறவன் கையிலேர்ந்து திருடினேன். தூங்கறவன்கிட்டேர்ந்து! அதுதான் என்னால இன்னிக்கு வரைக்கும்...

— கையைக் காட்டு.

— எதுக்கு?

— விரலெல்லாம் நீலம் பூத்திருக்கு. வெறுங்கையோட கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே. இந்தா, என்னுதைப் போட்டுக்கோ.

— வேண்டாம். வேண்டாம்டா! வேற எதை வேணா கொடு, அதை மட்டும் கழட்டாதே.

— போட்டுக்கோன்னு சொல்றேன்.

— உனக்குக் குளிரும். கோட்டுகூட இல்லாம நிக்கிறே.

— நான் அன்னைக்குத் தூங்கவே இல்ல, தங்கச்சி.