ஐந்தே முக்கால் மணி டீ

காலையில் ஒரு கப் டீ உள்ளே இறங்காமல் எனக்கு யாரோடும் பேச வராது, இன்ஸ்பெக்டர். இதை ஒரு குற்றமென்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதற்காகத்தான் கல்யாணமான வருடமே அந்த டீ மெஷினை வாங்கிப் படுக்கையருகில் வைத்தேன். படுக்கப்போகும் முன் கெட்டிலில் தண்ணீர் ஊற்றி, டீபாட்டில் தேயிலை போட்டு, அலாரம் வைத்தால் போதும். ஐந்தே முக்காலுக்குத் தண்ணீர் தானே கொதித்து டீபாட்டில் பாயும். விளக்கு எரியும், மணி அடிக்கும். "ராணியம்மாவுக்கே யாராவது தட்டு தூக்கிட்டு வரணும், எட்னா. உனக்கு மெஷினே வந்து நிக்குது பாரு," என்று என் மனைவியைக் கேலி செய்வேன். சிரிப்பாள். தினமும் ராத்திரி நிரப்பி அலாரம் வைப்பது மட்டும் அவள் வேலை.

பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒருமுறை மறந்தாள். நான் கம்பளி ஆலையில் மேற்பார்வையாளன், எல்லோருக்கும் முன்னால் போய் நிற்க வேண்டியவன். அன்று பத்து நிமிடம் தாமதம். சாயங்காலம் கெட்டிலைக் கொதிக்கவிட்டு, அவள் மணிக்கட்டை நீராவியில் அறுபது எண்ணும்வரை பிடித்திருந்தேன். கத்தினாள்தான். ஆனால் அதற்குப் பிறகு மறக்கவே இல்லை. சொல்கிற விதத்தில் சொன்னால் யாருக்கும் மண்டையில் ஏறும்.

போன சனிக்கிழமை ஆலைகளுக்கு வருடாந்திர விடுமுறை தொடங்கியது. அன்று காலை எங்கள் ஹாலிஃபாக்ஸ் ஊரே பெட்டியும் படுக்கையுமாகக் கடற்கரைக்குக் கிளம்பும். ஒருத்தி தனியாகப் பெட்டியோடு போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த வாரம் நான் பத்து மணிவரை தூங்குவேன். மெஷினுக்கும் விடுமுறை. எட்னாவுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆனால் மணி அடித்தது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் அவள் கையில் பெட்டியோடு கதவருகே நிற்கிறாள். என்னைப் பார்க்கவில்லை, மெஷினைத்தான் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"மேவிஸ் வீட்டுக்கு. என் தங்கச்சிதானே, கிளிஃபர்ட். ஒரு வாரம்தான்."

"ஜூலை மாசத்துல குளிர்கால கோட்டு எதுக்கு?"

கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள். "சரி. நான் திரும்பி வரமாட்டேன். இனிமே உன் டீய நீயே போட்டுக்க."

டீபாட்டை அவள் முகத்தில் வீசினேன். விழுந்தவளை மெஷினைத் தூக்கி அடித்தேன். நல்ல கனம், அந்தக் காலத்துச் சாமான். நாலு அடி என்று எனக்கு நினைவு. உங்கள் டாக்டர் பதினொன்று என்கிறார். முகம் அடையாளம் தெரியவில்லை என்றும் சொன்னார். படித்தவர், சரியாகத்தான் இருக்கும்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் என்னைவிட்டுப் போக நினைத்தாள் என்று மட்டும் எழுதாதீர்கள். நினைத்திருந்தால் முந்தின ராத்திரி மெஷினை நிரப்பி அலாரம் வைத்திருப்பாளா? நான் எழுந்து தடுக்க வேண்டுமென்று ஆசைப்பட்டிருக்கிறாள். என்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம்.