முதல் பக்கத்தில் பாண்டித்துரை

எங்கள் கடை ஏலக்காய் நல்ல ஏலக்காய். வாங்கிப் போனவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. குறையெல்லாம் கடையின் இணையதளத்தில்தான் இருந்தது, மோளே. போலீஸ் உடுப்பில் வந்திருந்தாலும் உங்களுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மோளே என்றே கூப்பிடுகிறேன். கூகுளில் 'கொச்சி ஏலக்காய்' என்று தேடினால், மட்டாஞ்சேரியில் இருக்கிற அத்தனை கடையும் வந்து முடிந்த பிறகு நாங்கள் வருவோம். அவ்வளவு தூரம் யார் தள்ளிப் பார்க்கிறார்கள்?

வீடியோ பார்த்து நானே கற்றுக்கொண்டேன். மற்ற தளங்கள் நம் தளத்துக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். பேக்லிங்க் என்பார்கள். கல்யாணம் பேசும்போது நாலு பெரிய மனிதர்கள் "நல்ல குடும்பம்" என்று சொல்வார்களே, அதுபோல. பத்திரிகையோ கல்லூரியோ கைகாட்டினால் கூகுள் நம்மை மேலே ஏற்றும். சமையல் குறிப்பு எழுதுகிறவர்களுக்கெல்லாம் மெயில் போட்டுக் கெஞ்சினேன். ஒருவரும் மசியவில்லை. ஏலக்காய்க்காக யாரும் யாரையும் கைகாட்டுவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பாண்டித்துரை காணாமல் போனான். கொச்சங்காடியில் எங்கள் கிடங்கில் மூட்டை இறக்குகிறவன். சங்கரன்கோவில் பக்கமிருந்து தாயும் மகனுமாகப் பிழைக்க வந்தவர்கள். வைட்டிலா பஸ் ஸ்டாண்டுக்குப் போனவன் திரும்பவில்லை. சந்தையில் கீரை விற்கும் அவன் தாய் மூக்கம்மாள், படத்தோடு வந்து நின்றார்.

"ஜுமைலாம்மா, நெட்டுல போட்டா ஒலகமே பாக்குமாமே. போட்டு விடு தாயி."

"போடலாம்க்கா. யார் நம்பர் குடுக்க?"

"ஒன் நம்பரையே குடு. எவனாவது மலையாளத்துல பேசினா எனக்கு என்ன எழவு புரியும்?"

எங்கள் தளத்திலேயே ஒரு பக்கம் போட்டேன். முழு மனதோடுதான் போட்டேன். பத்திரிகை ஒன்று அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தது. பிறகு ஒரு கல்லூரி, ஒரு வளைகுடா மலையாளிகள் சங்கம். நான் யாரையும் கேட்கவே இல்லை. ஓணத்துக்கு முன்னால் கடை கூகுளில் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது.

அப்போது திருச்சூர்ப் பக்கம் ஒரு கருணை இல்லத்திலிருந்து சிஸ்டர் ஒருவர் கூப்பிட்டார். சாலையில் அடிபட்டவர் ஒருவர் அங்கே இருக்கிறாராம், நினைவு சரியில்லையாம். "மூக்கம்மா, மூக்கம்மா என்னு மாத்ரம் பறயும்" என்றார். அந்தப் பெயரை மட்டும்தான் சொல்கிறாராம். படமும் அனுப்பினார். தாடி வளர்ந்திருந்தது. பாண்டித்துரைதான்.

இந்த ஆள் இல்லை என்று சொன்னேன்.

நீங்களே யோசியுங்கள். ஆள் கிடைத்துவிட்டால் அந்தப் பக்கத்துக்கு என்ன வேலை? கொடுத்தவர்களெல்லாம் இணைப்பை எடுத்துவிடுவார்கள். அவன் அங்கே நேரத்துக்குக் கஞ்சியும் பயறும் சாப்பிட்டு மெத்தையில் படுத்திருந்தான். எங்கள் கிடங்கில் அவனுக்குச் சாக்குதான். ஓணம் முடியட்டும், சொல்லிவிடலாம் என்றிருந்தேன். ஓணம் முடிந்தது, கிறிஸ்துமஸ் கேக் சீசன் வந்துவிட்டது.

மூக்கம்மாளக்கா சந்தை முடிந்ததும் கடைக்கு வருவார்.

"போன் வந்துச்சா தாயி?"

"இல்லக்கா."

"திங்கதுக்கு மட்டும் வாயத் தொறப்பான் மூதேவி. ஒரு போன் போட அந்த வாய்க்கு என்னவாம்?"

திட்டிவிட்டு அழுவார். நான் சாயா கொடுப்பேன். அவர் அழுவதை ஒருநாள் படமெடுத்துப் பக்கத்தில் சேர்த்தேன். அவ்வப்போது புதிதாக ஏதாவது சேர்த்தால் தளத்துக்கு நல்லது. அதற்கு ஒரு டிவி சேனலே இணைப்புக் கொடுத்தது.

சிஸ்டர் மறுபடியும் கூப்பிட்டார். தலையில் ரத்தம் கட்டியிருக்கிறது, ஆபரேஷனுக்குச் சொந்தக்காரர் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறோம், படத்தை இன்னொரு தடவை பாருங்கள் என்றார். அக்கா அப்போது என் எதிரில்தான் சாயா குடித்துக்கொண்டிருந்தார். "அல்ல சிஸ்டர், இது வேறெ ஆளாணு" என்று மலையாளத்தில் மறுத்தேன்.

"யாரு தாயி, அவனப் பத்தியா?"

"ஏலக்காய் கேக்குறாங்கக்கா."

சிஸ்டர் என் நம்பரைக் கொடுத்துத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். அவன்தான் என்று எனக்குத் தெரியும். இரண்டு தடவையும் தெரிந்தேதான் சொன்னேன். கையெழுத்துப் போட ஆளில்லாமல் அவன் செத்ததற்குக் காரணம் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் மூக்கம்மாளக்காவுக்கு நான் துரோகம் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், மோளே. இன்று காலையும் தேடிப் பார்த்தேன். உலகத்தில் எங்கேயிருந்து தேடினாலும் எங்கள் கடைப் பெயருக்குப் பக்கத்தில் முதலில் வருவது அவர் மகன் முகம்தான். எந்தத் தாய்க்கு அது கிடைக்கும்?