நடு முடிச்சு

சின்னவள்: அக்கா, கயித்தை இழுத்துப் பிடிக்கிறியா, இல்ல அதுல சாஞ்சுக்கிட்டு நிக்கிறியா?

பெரியவள்: நீ முதல்ல உன் பக்கத்துக் குச்சியை ஒழுங்கா ஊணு. கயிறு பாம்பு மாதிரி நெளியுது.

சின்னவள்: ஊணிட்டேன்.

பெரியவள்: ஊணிட்டா ஏன் இன்னும் அதைப் பிடிச்சிக்கிட்டே நிக்கிற?

சின்னவள்: ...நிமிர்றதுக்கு.

பெரியவள்: ம்.

சின்னவள்: என்ன ம்?

பெரியவள்: ஒண்ணுமில்லடி. நானும் அதுக்குத்தான் பிடிச்சிக்கிட்டு நிக்கிறேன். இது எத்தனாவது வரிசை?

சின்னவள்: ஒன்பது.

பெரியவள்: எட்டுதானே?

சின்னவள்: ஒன்பதுக்கா. எட்டாவதுலதான் நீ உக்காந்த.

பெரியவள்: நான் எங்க உக்காந்தேன்? நாத்து உதிர்ந்துச்சு, பொறுக்கினேன்.

சின்னவள்: அரை மணி நேரமா பொறுக்கின.

பெரியவள்: வெங்காய நாத்துடி. தலைமுடி மாதிரி இருக்கு. விரலுக்கு அகப்பட்டாத்தானே... எனக்குத்தான் விரல் எங்க முடியுது, நாத்து எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலையே.

சின்னவள்: இந்தத் துண்டு நிலத்தை முன்னெல்லாம் ஒரே நாள்ல முடிச்சோம்.

பெரியவள்: அப்போ பதினாலு பேர் குனிஞ்சோம். உன் வீட்டுக்காரர், என் வீட்டுக்காரர், நம்ம மாமனார், மாமியார், கூலிக்கு வந்தவங்க... இப்போ நீ, நான், கயிறு. அதுல கயிறு ஒண்ணுதான் இன்னும் நேரா நிக்குது.

சின்னவள்: நடவுக்கு ஆள் கூட்டிட்டு வர்ற கொத்துக்கார அம்மாகிட்ட கேட்டியா?

பெரியவள்: கேட்டேன். கை நடுங்குதாம். ஒரு குழியில மூணு நாத்து விழுதுங்கறா. அவகிட்ட இருந்த ஆளுங்கள்ல ரெண்டு பேர் போய்ச் சேந்தாச்சு, ஒருத்தி மக வீட்டோட போயிட்டா. மிச்சம் இருக்கிறது அவ ஊதுற விசில் மட்டும்தான். வேணும்னா எடுத்துட்டுப் போன்னா.

சின்னவள்: வாங்கிட்டு வந்திருக்கலாம்ல? நீ உக்காந்தா ஊதியிருப்பேன்.

பெரியவள்: வாய் மட்டும் இன்னும் தேயல உனக்கு... யாரோ வர்றாங்க பாரு. ஆணா பொண்ணா?

சின்னவள்: நடையைப் பாத்தா ரெண்டும் தெரியல. கிட்ட வரட்டும்.

பொடியன்: என்ன, ரெண்டு பேரும் நட்டு முடிச்சாச்சா?

பெரியவள்: வாடா பொடியா. முடிச்சுட்டுச் சும்மா அழகு பாத்துக்கிட்டு நிக்கிறோம்.

பொடியன்: அறுபத்தோரு வயசுல என்னை வாடா போடான்னு கூப்பிட இந்தப் பக்கத்துல நீங்க ரெண்டு பேர்தான் மிச்சம்.

சின்னவள்: இளம் விவசாயி பரிசு வாங்கினவனை வேற எப்படிக் கூப்பிடறது?

பொடியன்: அதை ஏன் ஞாபகப்படுத்தறீங்க? அப்போ எனக்கு அம்பத்தெட்டு. கூட்டத்துல அதிகாரி எந்திரிச்சு, நாப்பதுக்குக் கீழ இருக்கிறவங்க கை தூக்குங்கன்னாரு. அவரோட டிரைவர்தான் தூக்கினாரு. சரி, அம்பதுன்னாரு. கப்சிப். அறுபதுன்னதும் நான் தூக்கினேன்.

சின்னவள்: ஒரே கை.

பொடியன்: ஒரே கை. அதுவும் தோள்பட்டை பிடிச்சிக்கிச்சு, இறக்க முடியல. பயல் ரொம்ப ஆர்வமா இருக்கான்னு அவங்க பரிசைக் குடுத்துட்டாங்க.

பெரியவள்: சிரிக்க வைக்காதடா. இடுப்பு பிடிக்குது... டிராக்டர் எங்க?

பொடியன்: அதைச் சொல்லத்தான் வந்தேன். நாளையிலேர்ந்து அதை எடுக்கப் போறதில்ல. ஏறுறதுக்கு முக்காலி போட்டுக்கறேன், இறங்குறதுக்குப் பொண்டாட்டி தோள். இப்போ அவளுக்கும் முட்டி போச்சு. நேத்து உழுதுட்டு ஒரு மணி நேரம் மேலயே உக்காந்திருந்தேன். அவ கீழ நின்னுக்கிட்டு, அங்கேயே சாப்பிடறியான்னு கேக்குறா.

சின்னவள்: அப்போ நீயும் நிலத்தைக் குடுத்துட்ட.

பொடியன்: குடுத்துட்டேன். மேல்பக்கம், கீழ்பக்கம், எல்லாரும் குடுத்தாச்சு. இருபத்தஞ்சு வருஷக் குத்தகை. வரிசையா சோலார் பலகை நிறுத்துவாங்க. அதுக்குக் களை எடுக்க வேண்டாம், தண்ணி விட வேண்டாம். வெயில் அடிச்சாப் போதும்.

பெரியவள்: இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு எனக்குத் தொண்ணூத்தெட்டு. திரும்பி வந்து நடணும் போல.

பொடியன்: விளையாடாதீங்க. உங்க துண்டு நட்டநடுவுல இருக்கு. இது வரலைன்னா நாங்க குடுத்ததும் நிக்காதாம். பத்திரம் உங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, ஒருத்தர் மட்டும் கையெழுத்து போட்டாச் செல்லாது... யாருதான் மாட்டேங்கிறது? அதையாவது சொல்லுங்க.

பெரியவள்: அவளுக்கு மனசு வராதுடா.

சின்னவள்: அக்காவுக்குத்தான் மனசு வராது.

பொடியன்: நல்லா இருக்கு. மாமியா இடிச்சாளா மருமக இடிச்சாளான்னு உரலைக் கேட்ட கதை... சரி, மத்தியானம் அளக்க வர்றாங்க. இங்கேயும் வருவாங்கன்னு நெனக்கிறேன்.

சின்னவள்: இங்க எதுக்கு?

பெரியவள்: இங்க எதுக்குடா?

பொடியன்: ரெண்டு பேரும் ஏன் இப்படிப் பதறுறீங்க? வழியில இருக்கில்ல, ஒரு எட்டு பாத்துட்டுப் போவாங்க. நான் வரேன். உச்சி வெயிலுக்கு முன்னால வீட்டுக்குப் போங்க ரெண்டு பேரும். விழுந்தா தூக்க ஆள் இல்ல. நான் வந்தா நாலு பேர் என்னைத் தூக்கணும்.

பெரியவள்: போடா, போ. பாத்துப் போ. வரப்பு வழுக்கும்.

சின்னவள்: ...போயிட்டானா?

பெரியவள்: போறான். அவன் அம்மா கடைசி காலத்துல நடந்த மாதிரியே நடக்குறான்.

சின்னவள்: நடுவோமா?

பெரியவள்: நடுவோம்.

சின்னவள்: ...

பெரியவள்: ...

சின்னவள்: அக்கா, இங்க வா.

பெரியவள்: வரணும்னா பாதி வரிசை நடக்கணும். அங்கேர்ந்தே சொல்லு.

சின்னவள்: நான் நடு முடிச்சுக்கு வந்துட்டேன். நீ இன்னும் அவ்ளோ தூரத்துல இருக்க.

பெரியவள்: எழுபத்திமூணுடி எனக்கு. உனக்கு என்ன, அறுபத்தொம்பது. இளம் கன்னு. வேகமா நடற.

சின்னவள்: வேகமா இல்ல. நான் நின்னு நின்னுதான் நட்டேன். அதான் சந்தேகம் வந்துச்சு. இப்போ அடி போட்டுப் பாத்தேன். முடிச்சுலேர்ந்து என் முனை இருபத்திரெண்டு அடி. உன் முனை முப்பதுக்கு மேல வரும்.

பெரியவள்: கயிறு நனைஞ்சு சுருங்கியிருக்கும்.

சின்னவள்: என் பக்கம் மட்டுமா?

பெரியவள்: கயித்துக்கும் ஆள் தெரியும் போல.

சின்னவள்: அக்கா, மாமியார் போட்டுக் குடுத்த சட்டம் இது. ஆளுக்கு ஒரு முனையிலேர்ந்து நட்டுக்கிட்டு வரணும், நடு முடிச்சுல சந்திக்கணும். யாரும் யாரையும் சோம்பேறின்னு சொல்லக் கூடாது. நாப்பத்தாறு வருஷமா அந்த முடிச்சு நடுவுலதான் இருந்துச்சு.

பெரியவள்: பழைய கயிறு. நகர்ந்திருக்கும்.

சின்னவள்: இது உன் கை போட்ட முடிச்சு. ரெண்டு சுத்து சுத்தி ஒரு இழுப்பு இழுத்திருக்க. எப்போ மாத்தின?

பெரியவள்: ...போன பருவம் முடிஞ்சதும்.

சின்னவள்: ஊர்ல வேலையைக் குறைச்சுக்கத்தான் திருடுவாங்க. கூட்டிக்கத் திருடினவ நீ ஒருத்திதான்.

பெரியவள்: கத்தாத. யாரும் இல்லேன்னாலும் எனக்குக் காது இருக்கு.

சின்னவள்: ஏன் மாத்தின?

பெரியவள்: போன பருவத்துல கடைசி நாள் வீட்டுக்குப் போனோம்ல? நீ தரையில உக்காந்து செருப்பைக் கழட்ட முடியாம அழுத. நான் ஜன்னல் வழியா பாத்தேன்.

சின்னவள்: பாத்துட்டு உள்ள வரலையா?

பெரியவள்: வந்திருந்தா நீ அழறதை நிறுத்திட்டுச் சிரிச்சிருப்ப. அதுக்குத் தனியா வேற தெம்பு வேணும். எதுக்குன்னு விட்டுட்டேன்... கோபமா?

சின்னவள்: இல்ல... டாக்டர் குனியவே கூடாதுன்னுட்டாரு. முதுகெலும்பு ரெண்டு இடத்துல அமுங்கிப் போச்சாம். ஆறு மாசம் ஆச்சு.

பெரியவள்: ஆறு மாசமா? அதுக்கப்புறம்தானேடி நாத்து விட்டோம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.

சின்னவள்: எப்படிச் சொல்றது? நீ விதையை ஊற வெச்சிட்டு வந்து நின்ன.

பெரியவள்: நான் ஏன் ஊற வெச்சேன்? நீ விதை டப்பாவை எடுத்து வாசல்ல வெச்சிருந்த. ஓ, இவளுக்கு அவசரம் வந்துடுச்சு, நாமதான் லேட் பண்றோம்னு ஓடிப்போய் ஊற வெச்சேன்.

சின்னவள்: ஐயோ அக்கா... அதைத் தூக்கிப் போடுறதுக்குத்தான் வாசல்ல வெச்சேன்.

பெரியவள்: தூக்கிப் போடவா?

சின்னவள்: பழசு பட்டது எல்லாத்தையும் ஒழிச்சுக்கிட்டிருந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள டப்பாவைக் காணோம். போய்ப் பாத்தா நீ தண்ணியில போட்டுட்டு, மூணு நாள்ல முளைக்கும் பாருன்னு சிரிக்கிற.

பெரியவள்: நீயும் சிரிச்சியேடி.

சின்னவள்: வேற என்ன பண்ணச் சொல்ற?

பெரியவள்: அடப்பாவி... அப்போ இந்த நாத்தை யாரு கேட்டா? நீயும் கேக்கல, நானும் கேக்கல.

சின்னவள்: அது பாட்டுக்கு நல்லா வந்துடுச்சு. எந்த வருஷமும் இப்படி வரல.

பெரியவள்: தினமும் காலையில பாப்பேன். நீ நாத்துக்குத் தண்ணி தெளிச்சிக்கிட்டு ஏதோ பாட்டு முனகிக்கிட்டு நிப்ப. இவளுக்கு இதுலதான் உயிர்னு நெனச்சுப்பேன்.

சின்னவள்: அது பாட்டில்லக்கா. வலி.

பெரியவள்: ...வலியா?

சின்னவள்: வாளியைத் தூக்குறப்போ தானா வரும்... ஏன்க்கா உக்காந்துட்ட? மண்ணு ஈரமா இருக்கு.

பெரியவள்: இருக்கட்டும். ஒண்ணு சொல்லணும். அடிக்க வந்துடாத.

சின்னவள்: அடிக்கணும்னா அங்க வரைக்கும் நடக்கணும். சொல்லு.

பெரியவள்: நான் போட்டுட்டேன்டி.

சின்னவள்: எதை?

பெரியவள்: கையெழுத்தை. சோலார்காரன் பேப்பர்ல. பதினோரு நாள் ஆச்சு. மாத்திரை வாங்கப் போறேன்னு சொன்னேன்ல, அன்னிக்கு. ரெண்டு தடவை அவங்க வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். மூணாவது தடவை திரும்பி நடக்கக் கால்ல தெம்பில்ல. உள்ள போயிட்டேன்... திட்டுடி. உன் வீட்டுக்காரர் கிணறு வெட்டின நிலம், என் வீட்டுக்காரர் கல்லு பொறுக்கின நிலம். உன்னைக் கேக்காமப் போட்டது தப்பு. ஆனா முடியலடி... காலையில கண்ணு முழிச்சதும் முதல்ல நெனக்கிறது, இன்னிக்கு மழை வந்து வேலை இல்லாமப் போகட்டும்னுதான். மழைக்கு ஏங்கின வாய் இது. இப்போ எதுக்கு ஏங்குது பாரு.

சின்னவள்: பதினோரு நாளா இதை வெச்சிக்கிட்டா நட்ட?

பெரியவள்: நீ நட்டியே. நான் நட்டேன். நான் போடலன்னு நெனச்சுக்கோ. நீ போட வேண்டாம். நீ போடலன்னா அது செல்லாதுன்னு பொடியனே சொன்னான்ல? மத்தியானம் வர்றவங்ககிட்ட, என்னுதை அழிச்சிடுங்கன்னு நானே சொல்லிடறேன். நீ வரப்புல உக்காந்து நாத்தைப் பிரிச்சுக் குடு, நான் ஒருத்தியாவே நட்டுக்கறேன்.

சின்னவள்: பேப்பர்ல எந்த இடத்துல போட்ட?

பெரியவள்: அவன் விரல் வெச்ச இடத்துல.

சின்னவள்: அதுக்கு மேல என்ன இருந்துச்சு?

பெரியவள்: யாருக்குத் தெரியும்? போன அவசரத்துல கண்ணாடியை எடுத்துட்டுப் போகல. கறுப்பா ஏதோ கிறுக்கியிருந்துச்சு. அவங்க ஆபீசர் போட்டதுன்னு நெனச்சேன்.

சின்னவள்: போட்டதும் அவன் என்ன சொன்னான்?

பெரியவள்: சிரிச்சான். நல்ல மூஞ்சி, பாவம். இதோட முடிஞ்சுதும்மான்னான். என் வேலை முடிஞ்சுதுன்னு சொல்றான் போலன்னு எந்திரிச்சு வந்துட்டேன்... ஏண்டி அப்படிப் பாக்குற?

சின்னவள்: அந்தக் கறுப்புக் கிறுக்கல் எந்த ஆபீசரும் போட்டதில்லக்கா. உனக்கு ரெண்டு நாள் முன்னாடி நான் போட்டது.