அரிசியோடு வரும் வேன்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் ஓர் இளம்பெண், தன் பக்கத்தில் இருந்த தொண்டு நிறுவனத்து அம்மாளிடம் சொன்னாள்:

"இனிமே அரிசி எடுத்துக்கினு எங்க வூட்டுக்கு வராதக்கா."

"ஏம்மா, இன்னா ஆச்சு?"

"எய்ட்ஸ்னு எழுதின உங்க வேன் வந்து நின்னாலே, எங்க வூட்டுக்காரரு எதுல செத்தாருன்னு மறந்துபோன ஊருக்கும் ஞாபகம் வந்துடுது. மறுநாளே கொழாயில என் கொடத்தத் தள்ளி வெச்சிடறாங்க. எம்பொண்ணோட எந்தப் புள்ளையும் வெளையாடறதில்ல."



"சரி, வேன் வேணாம். நான் மட்டும் பஸ்ல வரேன். யாராவது கேட்டா நாத்தனார்னு சொல்லிடு."

"யாருக்கா நம்புவாங்க? அவரு சாவுக்கே சொந்தத்துல ஒருத்தரும் வரல. தூக்கிக்கினு போனதே உங்க ஆளுங்கதானே."