ஆழமான தொட்டிக்குச் சின்ன பம்ப்

மீன்தொட்டிக்குக் காற்று பம்ப் வாங்குகிறவர்கள் எத்தனை லிட்டர் தண்ணீர் என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். ஆழத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆழம் கூடினால் காற்றை அடிவரை தள்ளப் பெரிய பம்ப் வேண்டும். சின்னது சும்மா உறுமிக்கொண்டிருக்கும், ஒரு குமிழி வராது. நம் சங்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

ஆகவே, கமிட்டியாரே, முதலில் ஒரு வேண்டுகோள். "பாவம், லெஸ் தெரியாம சின்னத மாட்டிட்டாரு" என்று செயலாளர் பெவ் எனக்காக எழுதிக் கொடுத்திருக்கிறாளே, அதைக் கிழித்துப் போடுங்கள். பம்ப் அளவு எனக்குத் தெரியாதாம். இந்த வயதில் இந்த அவமானமும் எனக்குத் தேவையா?

தெரிந்துதான் செய்தேன்.

ஜனவரிக் கூட்டத்தில் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். நான் தயாரித்த பம்ப் அளவு அட்டவணையைச் சுவரில் மாட்டியிருந்தேன். நொரீன் டக்வெல் அதன் முன்னால் தேநீர்க் கோப்பையோடு நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "யோவ் லெஸ், ஆழத்துக்கு நீ சொல்றது சரி. ஆனா சின்னத் தொட்டிக்கு எதுக்குய்யா இவ்ளோ பெரிசு? உன் வீட்டு மீனெல்லாம் வாஷிங் மெஷின்ல போட்ட சட்டை மாதிரி சுத்துதுங்க."

எல்லோரும் சிரித்தீர்கள். கீத் வாயிலிருந்த லாமிங்டன் கேக்கின் தேங்காய்த் தூள் என் சட்டைமேல் விழுந்தது. நான் கோபப்படவில்லை. எந்தத் தேங்காய்த் தூள், எந்தச் சட்டை என்பதெல்லாம் நினைவிருக்கிறது, அவ்வளவுதான்.

நொரீனின் மீன்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர் டில்லி ஓடையின் வானவில் மீன்கள். ஓடையில் திலேப்பியா என்கிற வெளியூர் மீன் புகுந்து அந்த இனத்தைத் துடைத்துவிட்டது. உலகத்தில் மிஞ்சியதெல்லாம் அவள் வீட்டு இரண்டரை அடி ஆழத் தொட்டியில் இருந்த நாற்பத்தொன்று. அதுபோக, போன வருஷம் எனக்குக் கொடுத்த ஆறு. பொறுக்கிக்கொள் என்றாள். நல்ல பளபளப்பான ஆறாகப் பார்த்துப் பொறுக்கினேன். "அந்த வெளிறினதுல ரெண்டு எடுத்துக்கய்யா" என்றாள். தள்ளிவிடப் பார்க்கிறாள் என்று நினைத்து வேண்டாம் என்றேன்.

பிப்ரவரியில் புயல் எச்சரிக்கை வந்தது. நம் வழக்கம் தெரிந்ததே. கரண்ட் போவதற்குமுன் எல்லோரும் எனக்குப் போன் செய்து தொட்டி ஆழத்தைச் சொல்வீர்கள். சங்கத்தின் பேட்டரி பம்புகளில் எது யாருக்கு என்று நான் பிரித்துக் கொடுப்பேன். இந்த முறை எல்லோருக்கும் கொடுத்ததுபோகக் கையில் மிஞ்சியது இரண்டே. பெரியது ஒன்று, சின்னது ஒன்று.

நொரீன் முழங்கால் ஆபரேஷனுக்காக கெய்ர்ன்ஸ் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அவள் வீட்டுச் சாவி என்னிடம். அங்கிருந்து போன் செய்தாள்.

"லெஸ், என்னுது ஆழம்யா. பெரிச மாட்டிடு."

"எனக்கே சொல்றியா?"

"சரிதான். அன்னைக்கு நான் பேசினத மனசுல வெச்சுக்காத. உன் கையில குடுத்தப்புறம் எனக்கென்ன கவலை."

கரண்ட் போனதும் பெரியதை என் வீட்டு ஓரடித் தொட்டிக்கு மாட்டினேன். சின்னதை அவளுடையதற்கு. ஒழுங்காகத்தான் மாட்டினேன். குழாயில் மடிப்பில்லை. பேட்டரியைத் தினமும் புதிதாக மாற்றினேன். நான் அலட்சியமாக இருந்தேன் என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேச முடியாது. பம்ப் உறுமியது. குமிழி வரவில்லை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்ததால் வீடு ஒரே புழுக்கம்.

அவள் தினமும் கூப்பிட்டாள். "குமிழி வருதா லெஸ்?"

"பம்ப் நல்லா ஓடுது" என்றேன். நான் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் மேலே வர ஒன்றும் மிச்சமில்லை. நாற்பத்தொன்றையும் வலையில் அள்ளி எண்ணினேன். இதைக் கேட்டுவிட்டு இப்போது பெவ் கேட்கிறாள், மனசு எப்படி வந்தது என்று. நல்லா இருக்கே. இனத்தை நான் அழிக்கவில்லையம்மா, இடம்தான் மாற்றினேன். என் ஆறு போதும், பெருக்கிக்கொள்ளலாம். இனி டில்லி ஓடை மீன் வேண்டுமென்றால் எல்லோரும் என் வாசலுக்கு வரட்டும், நொரீன் உட்பட, என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன்.

நேற்று அவள் வந்தாள், ஊன்றுகோலோடு. திட்டவில்லை. என் தொட்டியில் ஆறையும் ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தாள்.

"பளபளன்னு இருக்கறது ஆம்பளைய்யா," என்றாள். "வெளிறினதுதான் பொம்பள. அதுக்குத்தான்யா அன்னைக்கு ரெண்டு எடுத்துக்கன்னு கெஞ்சினேன்."

ஆறும் ஆண் மீன்கள். இன்னும் இரண்டு மூன்று வருஷம் உயிரோடு இருக்கும், அதோடு சரி. இதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? மீனைப் பற்றி நான் என்றைக்காவது வாய் திறந்திருக்கிறேனா?

அவள் போனபிறகு, ஜனவரியில் அவள் சொன்னபடியே என் தொட்டிக்குச் சின்ன பம்பை மாட்டிவிட்டேன். நீங்கள் வந்து பார்க்கலாம், அளவு கச்சிதம்.